போய்வருபவர்களும் தங்கியிருப்பவர்களும்

வாசகர் கேள்வி – பதில்

எட்டாத மலைகளிலும் காடுகளிலும் வாழும் பழங்குடி மக்களிடம் குறுகிய கால ஊழியப் பயணம் போக ஆயத்தமாகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து 18 பேர் 10 நாள் பயணமாகப் போகத் தீர்மானித்திருக்கிறோம். எல்லோருக்கும் நல்ல ஆர்வம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தேதி குறிப்பதற்கு முன்னால், அங்கேயே தங்கி ஊழியம் செய்கிறவரிடம் கேளுங்கள். "நாங்கள் வரலாமா?" என்று கேட்காதீர்கள். உங்கள் சபையின் காணிக்கையில் ஊழியம் நடத்துகிறவர் அதற்கு எப்படி மறுப்புச் சொல்வார்? "இந்த வருடம் உங்களுக்கு எது பாரமாக இருக்கிறது? அதில் நாங்கள் எதைச் சுமக்கலாம்?" என்று கேளுங்கள். "நீங்கள் வரவேண்டாம், அந்தச் செலவில் சோலார் விளக்குக்கு ஒரு பேட்டரி வாங்கி அனுப்புங்கள்" என்று அவர் மனம்விட்டுச் சொன்னால், அதையும் கர்த்தர் காட்டிய வழியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

18 பேர் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் 270 லிட்டர் தண்ணீர் வேண்டும். 20 லிட்டர் கேனில் 14 நடை. ஊற்று ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த 14 நடையையும் நடப்பது பெரும்பாலும் அந்தக் கிராமத்துப் பெண்கள்தான். விருந்தாளியைத் தண்ணீர் சுமக்கவிட அவர்களுக்கு மனம் வராது. விறகும் அப்படித்தான், கழிப்பிடமும் அப்படித்தான். 6 முதல் 8 பேர் போதும். அதில் குறைந்தது 2 பேர் பெண்களாக இருக்கட்டும். பெண்களிடமும் பிள்ளைகளிடமும் பேச வேண்டிய நேரத்தில் ஆண்கள் மட்டுமே உள்ள குழு வெளியே நின்றுகொண்டிருக்கும்.

10 நாள் என்பதும் 10 நாள் அல்ல. போக 2, வர 2, ஞாயிறு ஒன்று போனால் கையில் 5. மழையோ ஆற்று வெள்ளமோ ஒரு நாளைத் தின்றுவிடும் என்று வைத்து, 4 நாள் வேலைக்கு மட்டும் திட்டமிடுங்கள். எந்த மாதம் போவது என்பதை உங்கள் விடுமுறையை வைத்து முடிவு செய்தால், விதைப்பிலோ அறுவடையிலோ போய் நிற்பீர்கள். ஊரே வயலில் இருக்கும். இல்லாவிட்டால் உங்களுக்காக ஊர் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும். அது அதைவிட மோசம்.

அனுமதி இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்று அரசாங்கத்தில். பழங்குடிப் பகுதிகளுக்குள் நுழையத் தனி அனுமதி கேட்கிற நாடுகள் உண்டு. சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கிப்பதும் மருத்துவம் பார்ப்பதும் பல நாடுகளில் குற்றம். சிக்கினால் நீங்கள் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவீர்கள். அங்கே இருப்பவருடைய பல வருட உழைப்பு ஒரே நாளில் முடங்கிவிடும். மற்றொரு அனுமதி ஊர்ப் பெரியவர்களிடம். எத்தனை பேர், எத்தனை நாள், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவர்கள் மொழியில் முன்கூட்டியே சொல்லி, யோசிக்க அவகாசம் கொடுத்துப் பெறுவதுதான் சம்மதம். வந்து இறங்கிய பிறகு கேட்பது மரியாதைக்குக் கேட்பது.

கேள்வி: நாங்கள் என்னென்ன தடுப்பூசி போட வேண்டும்? எவ்வளவு நாள் முன்பாக?

பதில்: 6 மாதத்துக்கு முன்பே பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி ஊசியின் மூன்று தவணையும் 0, 1, 6 மாதம் என்ற கணக்கில் வருவதால்தான் இவ்வளவு அவகாசம். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசிகள் குறைந்தது 2 வாரம் முன்னால். டெட்டனஸ் போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் மறுபடியும் ஒன்று. மஞ்சள் காய்ச்சல் உள்ள பல நாடுகளுக்கு அதற்கான சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் அது செல்லும். நாய் கடித்தால் மருத்துவமனைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும் இடமென்றால் ரேபிஸ் முன்தடுப்பு ஊசியைப் பற்றியும் கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும், கடிபட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மீதி ஊசிகளுக்குப் புறப்பட்டே ஆகவேண்டும்.

மலேரியாவுக்கு ஊசியை நம்பிப் போகாதீர்கள், மாத்திரைதான். டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் 100 மி.கி., புறப்படுவதற்கு 1–2 நாள் முன்னால் தொடங்கி, திரும்பி வந்து 4 வாரம் வரை. அடோவாகுவோன்–புரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள் போதும். எது யாருக்குப் பொருந்தும் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. பலர் தவறுவது எங்கே என்றால், வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதில்தான். கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி ஈரலை விட்டு இரத்தத்துக்கு இறங்க ஒரு வாரமாவது ஆகும். அதற்காகத்தான் அந்தப் பின்வாரங்கள்.

ஆனால் "அங்கே எங்களுக்கு என்ன நோய் வரும்?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். "எங்களால் அவர்களுக்கு என்ன நோய் வரும்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியது அது. 1875-இல் ஃபிஜித் தீவுகளுக்கு ஒரு கப்பலில் தட்டம்மை போனது. அதுவரை அந்த நோயே அறியாத மக்களில் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த ஒரு கப்பலைத் தனிமைப்படுத்தாமல் மேற்குச் சமோவாவில் இறங்கவிட்டார்கள். ஃப்ளூ காய்ச்சலில் மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மாண்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்கச் சமோவா துறைமுகத்தை அடைத்துக்கொண்டது, அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. ஈக்வடாரின் வாவோரானி மக்களை மிஷனெரிகள் அன்போடுதான் ஒரே குடியிருப்பில் கூட்டிச் சேர்த்தார்கள். 1969-இல் அங்கே போலியோ பரவியது.

தட்டம்மை, உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்னாலேயே தொற்றத் தொடங்கிவிடும். நோயாளி வெளியேறிய அறையின் காற்றில் 2 மணி நேரம்வரை நிற்கும். ஆகவே தட்டம்மையைத் தடுக்கிற எம்.எம்.ஆர். ஊசியின் இரண்டு தவணையும் (இடையில் குறைந்தது 28 நாள்) போட்டதற்குச் சான்று இல்லாதவரைக் குழுவில் சேர்க்கக்கூடாது. அந்த வருடத்து ஃப்ளூ ஊசியும் வேண்டும். புறப்படும் நாளில் காய்ச்சல், இருமல், சளி, கண்சிவப்பு, வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதேனும் இருந்தால் அவர் தலைவராகவே இருந்தாலும் வீட்டில் இருக்கட்டும். இந்த விதியை முதல் கூட்டத்திலேயே வாசித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். டிக்கெட் வாங்கிய பிறகு சொன்னால், "லேசான சளிதான்" என்று மறைப்பார்கள்.

கேள்வி: வெளியுலகத் தொடர்பே இல்லாத பழங்குடிகளிடம் சுவிசேஷம் கொண்டுபோக வேண்டும் என்று என் மகனுக்கு வாஞ்சை. ஒரு குறுகிய காலக் குழுவில் சேரலாமா?

பதில்: அம்மா, அப்படிப்பட்ட இடத்துக்குக் குறுகிய காலக் குழு எதுவும் போகக்கூடாது. அழைப்பு விடுக்க அங்கே ஆள் இல்லை, மொழி தெரிந்தவர் இல்லை, மேலே சொன்ன நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, நோய் வந்தால் பார்க்க மருத்துவரும் இல்லை. சட்டமும் தடுக்கிறது. 2018 நவம்பரில் தடையை மீறி அந்தமானின் வட சென்டினல் தீவில் இறங்கிய இளைஞர் அங்கேயே கொல்லப்பட்டார். மகனின் வாஞ்சை உண்மையானதென்றால் மொழியியல் படிக்கட்டும், செவிலியர் பயிற்சியோ வேதாகம மொழிபெயர்ப்புப் பயிற்சியோ எடுக்கட்டும். கேட்கத் தயாராக, கூப்பிட்டுக்கொண்டு இருக்கிற இனங்கள் எத்தனையோ உண்டு. அவர்களிடம் பல வருடம் தங்கப் போகிறவராக அவரை வளர்த்தெடுங்கள்.

கேள்வி: நான் செவிலியர். குழுவில் ஒரு மருத்துவரும் உண்டு. 3 நாள் மருத்துவ முகாம் நடத்தத் திட்டம். சபையார் வீடுகளில் மீந்த மருந்துகளைச் சேகரித்து வருகிறோம். வேறென்ன கொண்டுபோகலாம்?

பதில்: சகோதரி, மீந்த மருந்து சேகரிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக் கெடு மீதி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. ஒருவருக்குக் கொடுத்து மீந்ததை இன்னொருவருக்குத் தரவும் கூடாது. பாதி கிழிந்த அட்டைகளைப் பிரிப்பதற்கும் அழிப்பதற்கும் அங்கிருக்கும் சுகாதாரப் பணியாளருடைய நாட்கள் வீணாகும். மருத்துவரின் பதிவு அந்த நாட்டில், அந்த மாநிலத்தில் செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

3 நாளில் செய்யக்கூடியது, ஒரே தடவையில் முடிகிற வைத்தியம். வெள்ளெழுத்துக் கண்ணாடி அதில் முதலாவது. +1.00 முதல் +3.00 வரை, +2.00 பக்கம் கூடுதலாக, எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பலகை எதற்கு? ஊசியும் நூலும் கொடுத்துக் கோர்க்கச் சொல்லுங்கள். கோர்க்க வந்த கண்ணாடிதான் அவருக்குரியது. கூடை முடைகிற, தைக்கிற, தானியத்தில் கல் பொறுக்குகிற ஒரு பெண்ணுக்கு அது இன்னும் பல வருட வேலை. புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் பல் பிடுங்குவதும் (அதற்கான படிப்பும் நுண்ணுயிர் நீக்கிய கருவிகளும் இருந்தால்) அதே வகை.

குடற்புழு மாத்திரை கொடுக்குமுன், அந்தப் பகுதியில் அரசாங்கம் எப்போது கொடுத்தது என்று கேளுங்கள். அல்பெண்டசோல் 2 வயதுக்கு மேல் 400 மி.கி. ஒரே தடவை, ஒன்றிலிருந்து 2 வயதுக்குள் 200 மி.கி., ஒரு வயதுக்குக் கீழேயும் கர்ப்பத்தின் முதல் 3 மாதத்திலும் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து முழு மாத்திரையைப் போட்டு, அது மூச்சுக்குழலில் சிக்கி உயிர் போனதுண்டு. மாத்திரை கொடுப்பதற்காக அழுகையை வலிந்து அடக்க வேண்டியதில்லை. தாயின் மடியில் உட்காரவைத்துக் காத்திருங்கள்.

சொறிசிரங்கு எளிதாகத் தோன்றும், ஆனால் ஏமாற்றும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, 8 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். அரிக்கிறவருக்கு மட்டும் கொடுத்தால், பக்கத்தில் படுக்கிறவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே இரவில் பூசி, துணி, பாயை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். இரண்டாம் தடவை பூசும்போது நீங்கள் ஊரில் இருக்கமாட்டீர்கள். அதைச் செய்ய ஆள் யார் என்று முடிவாகாவிட்டால் தொடங்காதீர்கள்.

இதே காரணத்துக்காகத்தான் இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு இவற்றுக்கு முகாமில் புதிதாக மருந்து தொடங்க வேண்டாம் என்கிறோம். 30 மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் 31-ஆம் நாள் என்ன ஆகும்? அட்டினோலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் திடீரென்று நின்றால், தொடங்காமலே இருந்ததைவிட ஆபத்து. பெயர், வயது, பரிசோதனையில் வந்த அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குக் கொடுத்து, போய்வர வழிச்செலவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சலோடு வருகிறவருக்கு உடனே புரூஃபென் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். பாரசிட்டமால் கொடுத்து, விரல் இரத்தத்தில் மலேரியாப் பரிசோதனை செய்யுங்கள்.

மிஞ்சுகிற நேரத்தையெல்லாம் தாய்மாருக்குப் பேதிக்கான உப்பு–சர்க்கரைக் கரைசல் கற்றுக்கொடுக்கச் செலவிடுங்கள். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுவதும். பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. இங்கே நடக்கிற பெரிய தவறு, 1 லிட்டர் எவ்வளவு என்று தெரியாமல் போவது. முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கலக்கினால் அந்த உப்பு குழந்தையைக் கெடுத்துவிடும். ஆகவே அவர்கள் வீட்டுப் பாத்திரத்தையே எடுத்து, உங்கள் லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, மட்டத்தில் ஆணியால் கீறல் போட்டுக் கொடுங்கள். கலக்கியதைத் தாய் நாக்கில் வைத்துப் பார்க்கட்டும்; கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பேதிக்கும் 2 வயதுக்குள் 50–100 மி.லி., அதற்கு மேல் 10 வயது வரை 100–200 மி.லி., கரண்டி கரண்டியாக. வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. 24 மணி நேரம் கழித்து மீந்தது கீழே. கூடவே துத்தநாக மாத்திரை 20 மி.கி. (6 மாதத்துக்குள் 10 மி.கி.) 10 முதல் 14 நாள் வரை. பேதி இரண்டாம் நாளே நின்றாலும் மாத்திரையை முடிக்க வேண்டும்.

மருந்து உறையில் எழுதாதீர்கள், வரையுங்கள். காலைக்கு உதிக்கிற சூரியன், இரவுக்குப் பிறை, எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி.

ஜெபத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கேட்கிறவருக்கு ஜெபியுங்கள், மனதார ஜெபியுங்கள். ஆனால் ஜெபக்கூட்டம் முடிந்துதான் மருந்துச்சீட்டு என்று வரிசை வைக்காதீர்கள். 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலகச் சுவிசேஷ ஐக்கியமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே, ஏழ்மையையும் தேவையையும் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதைத் தவறு என்று சொல்கிறது. பத்து குஷ்டரோகிகளையும் ஆண்டவர் சுகமாக்கினார்; திரும்பி வந்தது ஒருவன்தான்.

கேள்வி: பழைய துணிகள் 12 மூட்டை சேர்ந்திருக்கிறது. கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம். அங்கிருப்பவர் குறிப்பாகக் கேட்ட அளவும் வகையும் தவிர எதையும் சுமக்காதீர்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாரி இறைப்பதும் வேண்டாம். இரண்டாவது குழு வரும்போது வண்டிச் சத்தம் கேட்டுக் கை நீட்டிக்கொண்டு ஓடிவரப் பழகிவிடுவார்கள். கொடுக்க வேண்டியது உண்மையிலேயே இருந்தால், ஊர்ப் பெரியவர்கள் கையிலோ சபை மூப்பர்கள் கையிலோ கொடுத்து அவர்களே பங்கிடட்டும்.

கேள்வி: கிராமத்தில் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். குறைந்த செலவில் மணல் வடிகட்டி கட்டிக்கொடுக்கலாம் என்று எங்கள் பொறியாளர் சொல்கிறார். 4 நாளில் முடியுமா?

பதில்: கட்டி முடிக்கலாம். ஆனால் நீங்கள் புறப்படும் நாளில் அது இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. இதைப் புரிந்துகொண்டு போனால் நல்ல வேலை.

பயோசாண்ட் வடிகட்டி என்பது வீட்டளவு மணல் வடிகட்டி. சிமெண்ட் தொட்டி வெறுமையாகவே சுமார் 70 கிலோ இருக்கும்; அதனால் சுமந்துபோக நினைக்காதீர்கள், இரும்பு அச்சை மட்டும் கொண்டுபோய் அங்கேயே வார்க்க வேண்டும். அடியில் 5 செ.மீ. பெருஞ்சரளை (6–12 மி.மீ.), அதன்மேல் 5 செ.மீ. சிறுசரளை (0.7–6 மி.மீ.), அதன்மேல் அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலாக 0.7 மி.மீ. சல்லடையில் இறங்கிய மணல். மணல் உடைத்த பாறையிலிருந்து வந்ததாக இருப்பது நல்லது. ஆற்று மணலில் அழுக்கும் கிருமியும் கலந்திருக்கும், கடல் மணலில் உப்பு. சலித்ததைக் கழுவுவதில்தான் பொறுமை வேண்டும். அதிகம் கழுவினால் நுண்மணல் போய்த் தண்ணீர் வேகமாக ஓடும், குறைவாகக் கழுவினால் அடைத்துக்கொள்ளும். நிரப்பியபின் மேலே தண்ணீர் முழுவதும் இருக்கும்போது நிமிடத்துக்கு 0.4 லிட்டருக்கு மேல் வந்தால் மணல் சரியில்லை, மறுபடி சலியுங்கள். மணலைப் போடும்போது தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். காய்ந்த தொட்டியில் கொட்டினால் காற்றுக்குமிழ் சிக்கும்.

நீர் நின்றபின் மணலுக்கு மேலே 5 செ.மீ. தண்ணீர் தங்க வேண்டும். கிருமியைத் தின்னும் உயிர்ப்படலம் மேல்மணலில் உருவாவது அந்த 5 செ.மீ. ஆழத்தால்தான். ஆழம் கூடினால் காற்று எட்டாது, குறைந்தால் ஊற்றுகிற தண்ணீர் மணலைக் குழித்துவிடும், வெயிலில் காய்ந்தும் போகும். படலம் முழுதாக வளர 30 நாள் வரை ஆகும். அதுவரை வடிகட்டிய நீரையும் காய்ச்சியோ குளோரின் போட்டோதான் குடிக்க வேண்டும். (5 சதவீத வாசனையற்ற பிளீச்சிங் திரவமானால் லிட்டருக்கு 2 சொட்டு, 30 நிமிடம் பொறுக்க வேண்டும்.)

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கெட்டுப்போன வடிகட்டிகளில் காணும் காரணங்கள் எங்கும் ஏறக்குறைய இவைதான். ஊற்றுகிற நீரைச் சிதறவிடும் துளைத்தட்டைக் கழற்றிவிட்டு நேரே ஊற்றுவார்கள், மணல் குழிந்துபோகும். வசதிக்காக வெளிக்குழாயில் ரப்பர் குழாய் மாட்டுவார்கள். அது உறிஞ்சி உள்நீரை மணலுக்குக் கீழே இறக்கிவிடும், படலம் செத்துவிடும். குளோரின் போட்ட நீரை மேலே ஊற்றுவார்கள், அதற்கும் படலம் சாகும். இரண்டு நாளுக்கு மேல் ஊற்றாமல் விட்டுவிடுவார்கள். கலங்கல் நீரைத் தெளியவைக்காமல் ஊற்றுவார்கள். (2 லிட்டர் தெளிந்த பாட்டிலில் நீரை நிரப்பி, பெரிய எழுத்தின் மேல் நிறுத்தி, வாயிலிருந்து கீழே பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் அந்த நீர் தெளியும் வரை காத்திருக்க வேண்டும்.) ஓட்டம் குறைந்தால் மேல்நீரைக் கையால் லேசாகச் சுழற்றி, கலங்கிய நீரைக் குவளையால் எடுத்துக் கொட்டினால் போதும்; ஆனால் மணலைத் தோண்டி எடுத்துக் கழுவுவார்கள், அது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும். வடிகட்டிய நீரை ஆற்றில் மொண்ட அதே வாளியில் பிடிப்பதுதான் மிக அதிகம். மூடியும் குழாயும் உள்ள இரண்டாவது பாத்திரம் இல்லாமல் வடிகட்டி கொடுக்காதீர்கள்.

ஆகவே 20 வடிகட்டி கட்டுவதைவிட 4 கட்டி, ஊரில் 2 பேருக்கு, அதில் ஒருவர் பெண், வார்ப்பதிலிருந்து சுழற்றிக் கொட்டுவதுவரை கற்றுக்கொடுத்து, அச்சையும் சல்லடையையும் அவர்களிடமே விட்டுவாருங்கள். ஐந்தாவதை உங்கள் கை படாமல் அவர்கள் வார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பிரசங்கிக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நேரத்தை. ஒரு மொழிபெயர்ப்பாளர் என்றால் உங்கள் பேச்சு பாதி. நம் மொழியிலிருந்து பொதுமொழிக்கு, அதிலிருந்து பழங்குடி மொழிக்கு என்று இருவர் என்றால் மூன்றில் ஒன்று. 30 நிமிடக் கூட்டத்தில் நீங்கள் பேசுவது 10 நிமிடம்தான். ஒரு வாரம் முன்பே பிரசங்கத்தை எழுத்தில் அனுப்பி, மொழிபெயர்ப்பவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். வாக்கியத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். பல மொழிகளில் வினை வேறிடத்தில் வரும், அவர் முழுவதும் கேட்காமல் வாய் திறக்க முடியாது. அந்த மொழியில் புதிய ஏற்பாடோ ஒலிப்பதிவோ இருக்கிறதா என்று விசாரித்து, வசனத்தை அதிலிருந்தே அவர்களில் ஒருவர் வாசிக்கட்டும். நீங்கள் வாசித்து அவர் அந்தரத்தில் மொழிபெயர்ப்பது வேண்டாம்.

தமிழ் பேசுகிற நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. நாம், நாங்கள் என்ற வித்தியாசம் உலகத்தின் பல பழங்குடி மொழிகளிலும் இருக்கிறது. பாப்புவா நியூகினியின் பொதுமொழியான டோக் பிசினிலும் 'யுமி' (நாம்), 'மிபெலா' (நாங்கள்) என்று இரண்டு. ஆனால் இடையில் ஆங்கிலம் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். "நாம் பாவிகள்" என்று நீங்கள் சொன்னது, கேட்கிறவர்களை விட்டுவிட்டு "வந்திருக்கிற நாங்கள் பாவிகள்" என்றோ, "தேவன் நம்மை நேசிக்கிறார்" என்பது "எங்களை மட்டும் நேசிக்கிறார்" என்றோ போய்ச் சேரலாம். ஒவ்வொரு முக்கிய வாக்கியத்திலும் எது என்று மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உவமைகளையும் சோதித்துக்கொள்ளுங்கள். "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனம் விக்டோரியா ஏரிக்கரையின் சனாக்கி மக்களிடம் சிக்கலானது. அங்கே நல்லவன் வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கதவைத் தட்டிப் பார்ப்பவன், உள்ளே ஆள் உண்டா என்று சோதிக்கிற திருடன். ஆகவே "நின்று கூப்பிடுகிறேன்" என்று மொழிபெயர்த்தார்கள்.

கடைசியில் கைதூக்கச் சொல்லி எண்ணிக்கை எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். தூரத்திலிருந்து வந்த விருந்தாளி கேட்கும்போது கையைத் தூக்காமல் இருப்பது பல ஊர்களில் அவமரியாதை. நீங்கள் அறிக்கையில் எழுதும் எண்ணுக்கு, அடுத்த வருடம் அங்கிருக்கும் ஊழியர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: சிறிய விமானத்தில்தான் போக முடியுமாம். ஒவ்வொருவரும் எடை பார்க்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: ஆம், பெட்டியை மட்டுமல்ல, உங்களையும். புல்தரை ஓடுபாதை குட்டையாக இருக்கும். மழையில் நனைந்தால், வெயில் ஏறினால், உயரம் கூடினால் விமானம் தூக்கக்கூடிய எடை குறையும். கூடுதல் எடை என்று விமானி சொன்னால் உங்கள் சாமான்தான் இறங்க வேண்டும், வாதாடாதீர்கள். மருந்து, வடிகட்டி அச்சு போன்றவற்றுக்கு முதலில் எடை ஒதுக்கி, மீதியைத் தலைக்கு இத்தனை கிலோ என்று பிரியுங்கள். மென்மையான பையே நல்லது, சக்கரப்பெட்டி சந்துகளில் அடங்காது. எரிவாயு, பெட்ரோல், பிளீச்சிங் பவுடர் இருந்தால் ஒளிக்காமல் முன்பே சொல்லுங்கள்.

கேள்வி: சபையாருக்குக் காட்டப் பிள்ளைகளைப் படம் எடுக்கலாமா?

பதில்: பெற்றோரிடம் கேட்டு, எடுத்ததை அவர்களுக்கே காட்டி, வெளியிட மறுபடியும் சம்மதம் வாங்கி. சட்டையில்லாத, அழுகிற, நோயுற்ற பிள்ளையின் படம் வேண்டாம். உங்கள் பிள்ளையை அப்படிக் காட்டுவீர்களா? கிராமத்தின் பெயரையும் இடக்குறியையும் படத்தோடு போடாதீர்கள். விசுவாசத்துக்காக எதிர்ப்பைச் சந்திக்கிற இடங்களில் ஞானஸ்நானப் படம் ஒன்றே ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: திரும்பி வந்து 3 வாரம். குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. வைரஸ் காய்ச்சல் என்கிறார்கள். இன்னொரு சகோதரர், அங்கே பார்த்த ஒரு பையனின் படிப்புக்கு மாதாமாதம் நேரே பணம் அனுப்பத் தொடங்கியிருக்கிறார். இரண்டுக்கும் ஆலோசனை வேண்டும்.

பதில்: முதலாவது அவசரம். இந்தப் பதில் கைக்கு வருமுன்பே போயிருப்பீர்கள் என்று நம்புகிறோம். மலேரியாப் பகுதிக்குப் போய் வந்தவருக்கு, ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றே இரத்தப் பரிசோதனை. எங்கே போனார், எந்தத் தேதிகளில், என்ன மாத்திரை என்று ஒரு சீட்டில் எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள், அவராகக் கேட்கமாட்டார். முதல் பரிசோதனையில் தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி இடைவெளியில் மொத்தம் 3 தடவை செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை, குழப்பம், மூச்சுத் திணறல், சிறுநீர் கறுத்தல் இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு இரவோடிரவாக. புறப்படும்போதே குழுவில் எல்லோருக்கும் இந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்ப ஒருவரை நியமிக்கலாம்.

இரண்டாவது, அந்தச் சகோதரரின் இருதயம் நல்லது, வழி தவறானது. 40 வீட்டு ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் வெளியிலிருந்து பணம் வந்தால் பக்கத்து வீட்டோடு பேச்சு நிற்கும். மூப்பர்களுக்குத் தெரியாமல் வருவதால், பையன் பள்ளிக்குப் போகிறானா என்று கேட்கவும் ஆள் இருக்காது. பணித்தள ஊழியரோடு பேசி, ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படுகிற ஒன்றுக்கு, விடுதிக் கட்டணமோ மாலை வகுப்பு ஆசிரியரின் சம்பளமோ, சபைக் கணக்கின் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை வருடம் அனுப்பமுடியும் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். பையனுக்கு ஏற்கனவே அனுப்பத் தொடங்கியதைத் திடீரென நிறுத்த வேண்டாம். இந்தப் படிப்பாண்டு முடியும்வரை அதே தொகையை ஊழியர் வழியாகக் கொடுத்து, அடுத்த ஆண்டிலிருந்து மாற்றுங்கள். பையனிடமும் அவன் தாய் தகப்பனிடமும் அந்த ஊழியர் நேரில் போய் விளக்கட்டும்.